வீட்டுக்கு ஒரு கடிதம்

எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடுகள் இருக்கின்றன. அவற்றில் பத்து வீடுகளின் பூட்டுத் திறப்புகள் என்னிடம் இருக்கின்றன. பதினோராவது வீடு என்னுடையது, ஒழுங்கையின் கடைசி வீடு.

திறப்புகளை ஒரு பழைய பால்மாப் பேணிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். முதலில் ஒருவன்தான் தந்தான். என்னிடம் நாலாம் வகுப்புப் படித்தவன், நோர்வேக்குப் போகும்போது வாசல் படலையில் நின்று, "ரீச்சர், ஒரு ஆறு மாதம் வீட்டைப் பாருங்கோ" என்றான். அந்த ஆறு மாதம் முடிந்து இருபத்தெட்டு வருடமாகிறது. பிறகு லண்டன், கனடா, பிரான்ஸ், மகளோடு கொழும்பு என்று ஒவ்வொரு வீடாகப் பூட்டுப்பட்டது. போகிறவர்கள் என் படலையடியில் வாகனத்தை நிறுத்தித் திறப்பைத் தந்துவிட்டுப் போவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நான் கல்யாணம் கட்டாதவள், கூப்பிட வெளிநாட்டில் பிள்ளைகள் இல்லாதவள். ஆகவே எங்கும் போகமாட்டேன் என்று எல்லோருக்கும் அப்படி ஒரு நம்பிக்கை. அது மரியாதையா, பரிதாபமா என்று நானும் அவ்வப்போது யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

கிழமைக்கு இரண்டு வீடு என்று முறை வைத்துத் திறப்பேன். யன்னல்களைத் திறந்து காற்றுப் போக விடுவேன், முற்றம் கூட்டுவேன், கிணற்றில் பத்துப் பதினைந்து வாளி அள்ளி ஊற்றுவேன். அள்ளாமல் விட்டால் கிணறு கெட்டுப்போகும். எழுபத்திரண்டு வயதில் இது எனக்குத் தேவையா என்று தபால்காரர் கேட்பார். அவருக்கு ஒரு முறைப்புத்தான் பதில்.

வீட்டுக்காரர்கள் எனக்குப் போன் எடுப்பார்கள். இல்லை என்று சொல்லக்கூடாது. "ரீச்சர், மாமரம் காய்ச்சுதோ?" "ரீச்சர், பின் கூரை ஒழுகுதோ?" "ரீச்சர், கள்ளர் ஆரும் மதில் ஏறினவங்களோ?" என்று கேட்பார்கள். நான் விவரமாகச் சொல்லுவேன். அவர்களும் கவனமாகக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு, "சரி ரீச்சர், வைக்கட்டே" என்று வைத்துவிடுவார்கள். வைத்த பிறகு கொஞ்ச நேரம் நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். எதற்கென்று எனக்கே தெரியாது.

வெள்ளத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன்னர் பெரிய றோட்டுக்குத் தார் ஊற்றிக் காப்பற் போட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் றோட்டு ஒரு அடி உயர்ந்ததும் எங்கள் ஒழுங்கை பள்ளமாகிவிட்டது. மாரி பிறந்தால் தண்ணீர் ஓட வழியில்லை, முழங்கால் வரைக்கும் நிற்கும். போன மாரியில் ஒரு மத்தியானம், சந்தையிலிருந்து மரக்கறிப் பையோடு வரும்போது மூன்றாவது வீட்டுக்கு முன்னால் வழுக்கி விழுந்தேன். கால் சுளுக்கிவிட்டது, எழும்ப முடியவில்லை. விழுந்த இடத்திலேயே இடுப்பளவு தண்ணீரில் குந்தியிருந்துகொண்டு கூப்பிட்டேன். என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்பதுதான் இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தந்த வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இருபது வருடமாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகள், திறப்புகள் என் வீட்டுப் பேணிக்குள் இருக்கின்றன, அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கூப்பிட்டேன். அரை மணித்தியாலம் கழித்துத் தபால்காரர் வந்து தூக்கினார். கத்தரிக்காய் எல்லாம் மிதந்துகொண்டிருந்தது.

கால் சுகமானதும் பிரதேச சபைக்குப் போனேன். ஒழுங்கை ஓரமாக ஒரு வாய்க்காலும் றோட்டுக்குக் கீழே ஒரு மதகும் வேண்டும் என்றேன். அங்கே இருந்த உத்தியோகத்தர் சின்னப் பொடியன், மரியாதையான பிள்ளை. கதிரை போட்டு இருத்தி, வரைபடத்தை விரித்துப் பார்த்தான்.

"ரீச்சர், வாய்க்கால் எண்டால் ஒரு பத்துக் குடும்பமாவது இருக்கவேணும். உங்கடை ஒழுங்கையிலை நீங்கள் ஒராள்தானே. ஒராளுக்கு என்னெண்டு போடுறது?"

அவன் சொன்னதில் பிழையில்லை. சபைக்கு எத்தனையோ ஒழுங்கை. ஆனால் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த "ஒராள்" என்ற சொல் காதுக்குள் நின்றது. வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் வைத்தபோதும் நின்றது.

அதற்குப் பிறகு வந்ததுதான் சபைத் தேர்தல்.

ஒரு நாள் காலையில் தபால்காரர் என் படலையில் சைக்கிளை நிறுத்தி, ஒரு கட்டுக் கடித உறைகளைத் தந்தார். பதினொன்று. பத்து வீட்டுக்காரரின் பெயர்களும் வாக்காளர் இடாப்பில் இன்னும் இருக்கின்றன. பெயரை வெட்டினால் வீடும் காணியும் கைவிட்டுப் போய்விடும் என்று அவர்களுக்கு ஒரு பயம். ஒவ்வொரு வருடமும் கிராம உத்தியோகத்தரான விதானையாரிடம் இடாப்பு விண்ணப்பம் வரும் காலத்தில், "விதானையாரிட்டைச் சொல்லுங்கோ ரீச்சர், நாங்கள் வருவம் எண்டு" என்று போன் வரும். நான் பொய் சொல்லமாட்டேன். "திறப்பு என்னட்டை இருக்கு" என்று மட்டும் சொல்லுவேன். அது உண்மைதானே.

உறைகளுக்குள் ஒரு வேட்பாளரின் அச்சடித்த கடிதம் இருந்தது. முதல் தடவையாகத் தேர்தல் கேட்கிறவர். "வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் குறை எதுவோ அதைச் சொல்லுங்கள். எல்லாக் கடிதங்களையும் நானே வாசிப்பேன்" என்று எழுதியிருந்தார். பதில் போட முத்திரை ஒட்டிய உறையும் உள்ளே இருந்தது. பழக்க தோஷத்தில் சிவப்புப் பேனையை எடுத்துப் பிழைகளைத் திருத்தினேன். ஏழு பிழை. ஆனாலும் கெட்டிக்காரன், பத்துக்கு ஐந்து போடலாம்.

பதினொரு பதில் உறைகள் மேசையில் கிடந்தன. "பத்துக் குடும்பமாவது இருக்கவேணும்" என்று அந்தப் பொடியன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஒராள் எழுதினால் ஒரு கடிதம். ஒழுங்கை எழுதினால் பதினொரு கடிதம். இதைக் களவு என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். அவர்களுடைய வாக்கை நான் போடவில்லை. வாக்கு வேறு, கடிதம் வேறு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நாற்பது வருடம் பிள்ளைகளின் நொண்டிச் சாட்டுகளைக் கேட்டவளுக்கு ஒரு சாட்டுச் சொல்லவா தெரியாது?

முதலில் நோர்வேக்காரன். அவனுடைய எழுத்து எனக்குத் தெரியும். இடது பக்கம் சாய்ந்து, காற்றில் விழப்போகிற வேலி மாதிரி இருக்கும். நிமிர்த்தி எழுது என்று கையில் அடி போட்டிருக்கிறேன். இப்போது அதே சாய்வை நான் வருந்தி எழுதினேன். வீட்டுக்கு முன்னால் வெள்ளம் நிற்கிறது, சைக்கிள் உருட்ட முடியவில்லை என்று எழுதினேன். ஒரு சாட்சியும் இருக்கட்டும் என்று கடைசியில் இதையும் சேர்த்தேன்: "கடைசி வீட்டு ரீச்சர் போன மாரியில் இந்த வெள்ளத்துக்குள் விழுந்து அரை மணித்தியாலம் கிடந்தவர். அவருக்கு வயது போய்விட்டது. எங்களுக்கு அதுதான் யோசனை."

அடுத்த நாள் லண்டன்காரி. வட்ட வட்டமான எழுத்து, ஒரு வரியில் நாலு சொல்லுக்கு மேல் வராது. என்னிடம் படித்தவர்களில் வாயாடி. அவள் இங்கே இருந்திருந்தால் என்ன கேட்பாள் என்று யோசித்தேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் சப்பாத்து நனைவதைப் பற்றிக் கேட்பாள். அவளுக்கு அங்கே இரண்டு பிள்ளைகள், நான் கண்டதில்லை. அவர்களை இந்த ஒழுங்கையால் வெள்ளைச் சட்டையோடு நடத்திப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். "மழை நாளில் ரீச்சர் சாப்பிட்டாவோ என்று எட்டிப் பார்க்கவும் ஏலாமல் கிடக்குது" என்று அவள் முடித்தாள்.

இப்படி நாளுக்கு ஒன்றாக எழுதினேன். காலையில் கிணறு அள்ளிவிட்டு வந்து, மேசையில் இருந்து, இன்றைக்கு யார் என்று பார்ப்பேன். பலகாலத்துக்குப் பிறகு காலையில் எழும்ப எனக்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு நாள் அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது. ஆட்கள் வந்திருக்கும் வீட்டில் அப்படித்தான் நடக்கும் என்று சிரித்துக்கொண்டேன். சிரித்த சத்தம் எனக்கே கேட்டு, எழும்பிப் போய்ப் பானையைச் சுரண்டினேன்.

மிகவும் கஷ்டப்பட்டது என் பக்கத்து வளவுக்காரரின் கடிதத்துக்குத்தான். என் வயதுக்காரர். வேலி அரை முழம் தள்ளிப் போட்டேன் என்று பதினைந்து வருடம் என்னோடு கதைக்காமல் இருந்துவிட்டுக் கனடாவுக்குப் போனவர். போகும்போதும் கதைக்கவில்லை, திறப்பை மனிசியிடம் கொடுத்து அனுப்பினார். அவருடைய எழுத்துக்கு மாதிரி என்னிடம் ஒன்றுதான் இருந்தது. விதானையாருக்கு என்மேல் அவர் எழுதிய பெட்டிசம். அதன் பிரதியைப் பத்திரமாக வைத்திருந்தேன், எப்போதாவது உதவும் என்று. உதவியது. அதைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். அரசாங்கம், வெங்காய விலை, உரம், றோட்டுப் போட்டவன் எல்லோரையும் ஏசினார். கடைசியில் என்னையும் ஏசினார்: "பக்கத்து வளவு ரீச்சர் சரியான வாய்க்காரி. எண்டாலும் அந்த மனிசி தண்ணிக்குள்ளை கிடந்தது எண்டு கேட்ட நாள் தொடக்கம் எனக்கு நித்திரை இல்லை."

என்னுடைய கடிதத்தைக் கடைசியாக எழுதினேன். கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத கை, இரண்டு வரியோடு நின்றுவிட்டது. "எனக்குக் குறை ஒன்றுமில்லை. மற்றவர்களின் கடிதங்களைக் கவனிக்கவும்."

எல்லாவற்றையும் தபாலில் சேர்த்துப் பத்து நாள் கழித்துப் பதினொரு பதில்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே செய்தி. "வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு உங்கள் ஒழுங்கைக்கு நேரில் வருகிறேன்." கீழே கையால் ஒப்பமிட்டிருந்தார்.

கடிதத்துக்குக் கடிதம் வரும் என்று நினைத்தேனே தவிர ஆள் வரும் என்று நினைக்கவில்லை. கடிதத்தில் அவருடைய போன் இலக்கம் இருந்தது. இரண்டு தடவை எடுத்து, மணி அடிக்கமுன் வைத்துவிட்டேன். என்ன சொல்லுவது? ஒழுங்கையில் ஒருவரும் இல்லை என்றா? அதை என் வாயால் சொல்லக்கூடாது என்றுதானே இவ்வளவும் செய்தேன்.

சனிக்கிழமை முழுவதும் பத்து வீட்டு வாசலையும் கூட்டித் தண்ணீர் தெளித்தேன். தேர்தல் கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும், அவருக்கு வாக்குப் போடுகிறோமோ இல்லையோ, படலையில் நிறைகுடம் வைத்துத்தான் எங்கள் ஆட்கள் வரவேற்பார்கள். வெறும் வாசல் அவமரியாதை. ஒரு வாசலில் வைத்து மற்ற வாசல்களை வெறுமையாக விட எனக்கு மனம் வரவில்லை. எந்த வீட்டில் குடம் எந்த அலுமாரிக்குள் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஞாயிறு காலையில் ஒவ்வொன்றாக எடுத்துப் புளி போட்டு மினுக்கி, அந்தந்த வீட்டுக் கிணற்றிலேயே தண்ணீர் நிரப்பி, அந்தந்த வளவு மாவிலையும் தேங்காயும் வைத்தேன். பதினொரு படலை, பதினொரு நிறைகுடம். ஒழுங்கை முகப்பில் நின்று திரும்பிப் பார்த்தேன். எல்லாப் படலைகளும் திறந்திருந்தன. ஒரு கணம், ஒரே ஒரு கணம், எல்லோரும் உள்ளே உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் நம்பினேன்.

பத்து மணிக்கு வந்தார்கள். ஏழெட்டுப் பேர், பின்னால் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ. முகப்பில் நின்று உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் போகவில்லை. ஒழுங்கைக் கடைசியில் என் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் வீட்டில் வேட்பாளர் செருப்பைக் கழற்றி, குடத்தைக் கும்பிட்டு, "அம்மா, ஐயா" என்று கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்து அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் கும்பிட்டார், கூப்பிட்டார். மூன்றாவது வீட்டில் கூட வந்த ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து அவருடைய காதுக்குள் ஏதோ சொன்னார். வேட்பாளர் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. ஆனால் ஒரு குடத்தையும் தாண்டிப் போகவில்லை. ஒவ்வொரு படலையிலும் நின்று கும்பிட்டுக்கொண்டு வந்தார். அந்த நடையை நான் பார்த்துக்கொண்டு நின்றது என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம்.

"ரீச்சர் நீங்கள்தானோ?"

"ஓம்."

"இவையெல்லாரும் எங்கை?"

"ஊரை விட்டுப் போட்டினம் தம்பி. கனகாலம்."

கூட வந்தவர்களை முகப்புக்கு அனுப்பிவிட்டு, என் விறாந்தையில் கதிரையில் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், களைத்த முகம். கோப்பிலிருந்து கடிதங்களை எடுத்து மடியில் வைத்தார்.

"உவ்வளவும் நீங்களோ எழுதினது?"

"ஓம். பொலிசுக்குச் சொல்லுறதெண்டால் சொல்லுங்கோ. எனக்கு ஒரு வாய்க்கால் வேணும், அதுக்குப் பத்துக் குடும்பம் வேணுமாம்."

அவர் கோபப்படுவார் என்று பார்த்திருந்தேன். அவர் கடிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ரீச்சர், எனக்கு நிறையக் கடிதம் வந்தது. எல்லாரும் தங்களுக்குத்தான் கேட்டிருந்தவை. வேலை, வீடு, கிணறு. அது நியாயம். உங்கடை ஒழுங்கையிலை இருந்து வந்த பத்துக் கடிதத்திலையும் கடைசியிலை ஒரு விஷயம்தான் இருந்தது. ரீச்சர் விழுந்தவ, ரீச்சர் தனிய இருக்கிறா, ரீச்சர் சாப்பிட்டாவோ. ஒராளைப் பற்றிப் பத்து வீடும் யோசிக்குதெண்டால் அது என்ன ஒழுங்கை எண்டு பாக்கத்தான் வந்தனான்." கனடாக்காரரின் கடிதத்தை எடுத்துக் காட்டினார். "இந்த ஐயாவைக் கட்டாயம் சந்திக்கவேணும் எண்டு நினைச்சனான்."

நான் சாட்சிக்காக ஒரு கடிதத்தில் எழுதினேன், இரண்டில் எழுதினேன் என்பது நினைவிருந்தது. பத்திலும் எழுதியிருக்கிறேன் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

"உங்கடை கடிதத்திலை மட்டும்தான் ஒண்டும் கேக்கேல்லை" என்றார்.

நான் எழும்பித் தேத்தண்ணீர் போடப் போனேன். குசினிக்குள் நின்று அழுதேன். சத்தம் வராமல் அழவேண்டும் என்று வாயைப் பொத்திக்கொண்டது நினைவிருக்கிறது. வீட்டில் ஓர் ஆள் இருக்கும்போது அழுவது எனக்குப் பழக்கமில்லை.

அவர் தேத்தண்ணீரைக் குடித்தார். வாய்க்கால் போட்டுத் தருகிறேன் என்று சொல்லவில்லை, அது எனக்குப் பிடித்தது. போகும்போது பத்துக் கடிதங்களையும் என் கையில் தந்தார். "இது உங்களிட்டை இருக்கட்டும் ரீச்சர். வேறை ஆரின்ரை கையிலையும் போனால் உங்களுக்குத்தான் கரைச்சல்." என்னுடைய இரண்டு வரியை மட்டும் கோப்பிலேயே வைத்துக்கொண்டார். எனக்கு வாக்குப் போடுங்கோ என்று கேட்க மறந்துபோனார். நான் போட்டேன். அவர் தோற்றுப்போனார்.

அவர் வந்துபோன அன்று பின்னேரம் குடங்களிலிருந்த தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, ஒவ்வொரு வீடாகக் குடத்தை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு வந்தேன். பிறகு விறாந்தையில் இருந்து பத்துக் கடிதங்களையும் வாசித்தேன். எழுதியபோது அவை சபைக்குக் காட்டுகிற கணக்காகத்தான் தெரிந்தன. இப்போது எனக்கு வந்த கடிதங்களாக வாசித்தேன். சாய்ந்த எழுத்தில் எங்களுக்கு அதுதான் யோசனை என்றிருந்தது. வட்ட எழுத்தில் ரீச்சர் சாப்பிட்டாவோ என்றிருந்தது. பதினைந்து வருடம் கதைக்காத மனிதருக்கு நித்திரை இல்லையாம். இத்தனை வருடமாகப் போனில் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த கேள்விகள் எல்லாம் அவரவர் கையெழுத்தில் அங்கே இருந்தன. எல்லாம் நானே எழுதியவை.

இரண்டு கிழமை கழித்து மாரி பிடித்தது. ஒழுங்கையில் தண்ணீர் ஏறத் தொடங்கிய காலையில், நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துச் சபைக்கு எழுதினேன். யாருடைய எழுத்தையும் பார்த்து எழுதவில்லை.

"ஐயா, இந்த ஒழுங்கையில் நான் ஒராள்தான் இருக்கிறேன். போன மாரியில் வெள்ளத்தில் விழுந்தேன். நான் கூப்பிட்டது ஒருவருக்கும் கேட்கவில்லை. தனிய இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு ஒரு வாய்க்கால் வேண்டும்."

கீழே என் பெயரை எழுதினேன். பத்துப் பேரின் கையெழுத்தைப் பிசகாமல் எழுதிய கைதான். என் பெயரை எழுதும்போது அவ்வளவு நடுங்கியது.